காதுக்கு ஏது ஊர், ஏது சேரி?

படித்தவர்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில் ஒரு கேள்வி வரும். "உங்களுக்கு எந்த மாதிரி மியூசிக் பிடிக்கும்?" நான் "எல்லாம் கேப்பேன் சார்" என்பேன். உடனே எதிராளி முகத்தில் ஒரு இளக்காரம் தெரியும். எல்லாத்தையும் கேக்கிறவனுக்கு ரசனை இல்லை என்பது அவர் முடிவு. ரசனை என்றால் அவருக்குக் கழித்துக்கட்டுவது. இதைக் கேக்க மாட்டேன், அதைக் கேக்க மாட்டேன் என்று எவ்வளவு நீளமாகச் சொல்ல முடிகிறதோ அவ்வளவு பெரிய ரசிகர். இப்படிக் கழிக்கப்பட்டது எதெது, கழித்தவர்கள் யார் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைக் கொஞ்சம் பேசிப் பார்க்கலாம். என் வீட்டுக் கதையையும் சேர்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது.

நான் பிறந்தது கீழத்தஞ்சையில், காவிரித் தண்ணி கடைசியாக வந்து சேருகிற ஒரு சேரி. ஊர்க்கோயிலுக்குள் நாங்க போக முடியாது. ஆனா திருவிழா ராத்திரியில் நாகசுரம் வயலைத் தாண்டி வந்துடும். தாத்தா வரப்புல குந்திக்கிட்டுக் கேப்பார். "இன்னிக்கு ஊதுறவன் வேற ஆளுடா, மூச்சு நீளமா இருக்கு" என்பார். ராகத்துக்குப் பேர் தெரியாது. போன வருசம் வாசித்ததா, புதுசா என்பது தெரியும். பக்கத்து மாதா கோயிலில் ஞாயித்துக்கிழமை ஆர்மோனியம். டீக்கடை ரேடியோவில் சாயங்காலம் இலங்கை வானொலி. எங்களுக்குத் தனிக் கிளாஸ் வைத்திருந்த அந்தக் கடையில் பாட்டு மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். நடவு வயலில் அத்தை பாடுவாள், சாவு வீட்டில் ஒப்பாரியும் அவளே. எங்க வீட்டுக் கூரையில் தாத்தாவோட தப்பு தொங்கும். இத்தனையும் ஒரே காதுக்குள் போச்சு. எதையும் வேண்டாமென்று தள்ள எங்களுக்குக் கதவும் சுவரும் இருந்ததில்லை.

பழைய இலக்கியத்தைப் புரட்டினால் அங்கேயும் இந்தப் பிரிவினை இல்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருளைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவை என்று அடுக்கி, பறையையும் யாழையும் ஒரே வரிசையில் வைக்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி என்று நிலத்துக்கொரு பறையை உரைகாரர்கள் குறித்திருக்கிறார்கள். துடியன், பாணன், பறையன், கடம்பன் என்ற நான்கைத் தவிர வேறு குடியில்லை என்று புறநானூற்றில் மாங்குடி கிழார் பாடியிருக்கிறார். இந்த நான்கில் முதல் மூன்று பெயர்கள் இசையோடு பிறந்தவை. இசைக்குள் மேல், கீழ் பிற்பாடு வந்தது.

அது எப்படி வந்தது என்பதற்குப் பெரியபுராணமே சாட்சி. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய அந்த நூலில் நந்தனின் தொண்டு என்ன? கோயில் முரசுக்குப் போர்த்தும் தோலும், இழுத்துக் கட்டும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுப்பது. அவன் கொடுத்த தோல் கருவறை வாசல் வரை போனது. அவன் வெளியே நின்றான். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி அந்த நந்தன் கதையைக் கீர்த்தனைகளாகப் பாடினார். அவை கச்சேரி மேடையில் ஏறின. நந்தனுக்காகக் கண்ணீர் விட்டு உருகிய சபையில் நந்தனின் பிள்ளைகளுக்கு நாற்காலி கிடையாது. நந்தனைப் பற்றிய பாட்டைக் கேக்கிறது ரசனை, நந்தன் பேரன் அடிக்கிறது இரைச்சல்!

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கழித்தல் நிறுவனமாக மாறுகிறது. 1927இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி ஒரு இசை மாநாடு நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928இல் மியூசிக் அகாதெமி வந்தது. எது சாஸ்திரியம், எது இல்லை என்று சொல்லும் அதிகாரம் சபாக்களிடம் சேர்ந்தது. மேடையில் பெரும்பாலும் தெலுங்கும் சமஸ்கிருதமும். இதை எதிர்த்துத் தமிழிசை இயக்கம் எழுந்தது. அண்ணாமலை செட்டியார் முன்னின்றார். 1943இல் தமிழ் இசைச் சங்கம் அமைந்தது. 1946இல் திருவையாற்றில் தண்டபாணி தேசிகர் தமிழில் பாடியதும் சந்நிதானமே தீட்டாகிவிட்டது என்று பேச்சு கிளம்பியது. அதைச் சாடி மு. கருணாநிதி 'குடிஅரசு' இதழில் 'தீட்டாயிடுத்து' என்று எழுதினார்.

அந்தப் போராட்டம் நியாயமானது. நாம் அதை மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் கேட்டது அதே மேடையில், அதே வாத்தியங்களோடு, தமிழ்ச் சொல்லுக்கு ஓர் இடம். ஒப்பாரியும் நடவுப் பாட்டும் தமிழ்தானே, தப்பும் தமிழன் கருவிதானே என்ற கேள்வி அந்தக் கோரிக்கையின் மையத்துக்கு வரவில்லை. மொழித் தீட்டைப் பேசியவர்களும் தோல் தீட்டைத் தாண்டி வரவில்லை.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. நம் இசையின் நுட்பத்துக்கு அது ஒத்துவராதாம். தெருக்கோடி நாடகத்திலும் மாதா கோயிலிலும் ஏழைகளுக்குத் துணையாக இருந்த பெட்டி ஏறத்தாழ 30 ஆண்டுகள் வானொலிக்கு வெளியே நின்றது. 1952இல் மந்திரியாக வந்த பி.வி. கேஸ்கர் மக்களின் ரசனையைத் திருத்தப் போகிறேன் என்று சினிமாப் பாட்டை ஒழித்துக்கட்டி, சாஸ்திரிய இசையை அதிகமாக்கினார். மக்கள் என்ன செய்தார்கள்? ரேடியோ முள்ளைத் திருப்பி இலங்கைக்குப் போய்விட்டார்கள். கடைசியில் 1957இல் விவித் பாரதி என்று ஒன்றைத் தொடங்கிச் சினிமாப் பாட்டை அரசாங்கமே போட வேண்டியதாயிற்று. மந்திரி உத்தரவைக் கூலிக்காரனின் காது தோற்கடித்த கதை இது. எங்க டீக்கடையில் இலங்கை வானொலி பாடியதற்குப் பின்னால் இவ்வளவு இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

இப்போது வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

1968 டிசம்பர் 25. கீழவெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அதற்கு அடுத்த வருசம் எங்க ஊர் மிராசுதார் ஒருத்தர் செத்துப்போனார். தப்படிக்க வரச்சொல்லி ஆள் வந்தது. தாத்தா எழுந்து துண்டை எடுத்தார். அப்பா கையைப் பிடிச்சு உக்கார வெச்சார். "ஆண்டை செத்தா ஆண்டை புள்ளை அழட்டும். நம்ம எதுக்கு அடிக்கணும்?" என்றார். வந்த ஆள் போனதும் கூரையில் தொங்கின தப்பை எடுத்துக் கட்டையால் ஒரே குத்து. தோல் கிழிஞ்சது. வட்டம் அடுப்புக்குப் போச்சு. அந்தப் போகம் முழுக்க எங்க வீட்டுக்கு வேலை கொடுக்க ஊரில் ஆளில்லை. தாத்தா ஒரு வார்த்தை பேசலை. அன்னிலேர்ந்து சாகிற வரைக்கும் ராத்திரியில் தொடையில் தாளம் போட்டுக்கிட்டே படுத்திருப்பார்.

அதற்கப்புறம் நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு பாட்டு வாத்தியார். வரப்பில் கேட்ட நாகசுர மெட்டு ஒன்றை ஒருநாள் முணுமுணுத்துக்கிட்டிருந்தேன். "எங்கடா கேட்ட இதை?" என்றார். "வயக்காட்டுல சார்." "உனக்கெதுக்குடா இந்த ராகமெல்லாம்? போய்த் தப்படி" என்றார். வகுப்பே சிரித்தது. அடிக்க எங்க வீட்டில் தப்பு இல்லை என்பது அவருக்குத் தெரியாது. ராகம் உனக்கில்லை என்று அவர் சொல்கிறார். தப்பு நமக்கு வேணாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அந்த வயசில் எனக்குன்னு மிச்சமிருந்தது சினிமாப் பாட்டு ஒண்ணுதான்.

தாத்தா செத்தப்ப தப்புச் சத்தம் இல்லை. அப்பா டவுனிலிருந்து பேண்டு செட் கொண்டாந்தார். நான் வேலைக்குப் போய்ப் பட்டணத்தில் குடியேறினேன். இருபது வருசம் தப்புச் சத்தம் கேட்டால் அந்தத் தெருவை விட்டு வேற தெருவில் நடந்தேன். கேசட் வாங்கினேன், பெரிய பெரிய வித்துவான்கள் கேசட். ராகங்களுக்குப் பேர் கத்துக்கிட்டேன். அது பொய்யில்லை, எனக்கு அது உண்மையிலேயே பிடிக்கும். ஆனா எதைக் கேக்கிறேன் என்பதைவிட எதிலிருந்து ஓடுறேன் என்பதில்தான் என் ரசனை இருந்தது. படித்த தலித்துகள் பலருக்கு இந்த வியாதி உண்டு. வெட்கப்படாமல் ஒத்துக்கொள்ள வேண்டும்.

நான் வாங்கின கேசட்டில் ஒலித்த மிருதங்கத்துக்குள் யார் இருந்தார்கள் என்றும் நான் கேக்கலை. பலாமரக் கட்டையில் மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றும் சேர்ந்தால்தான் மிருதங்கம். தஞ்சாவூரில் அதைச் செய்தவர்களில் பெரும்பாலானோர் தலித் கிறித்தவர்கள். பாலக்காடு மணி அய்யரின் நாதத்துக்குப் பின்னால் பர்லாந்து என்ற கைவினைஞரின் காதும் கையும் இருந்தன. எந்தத் தோல் எப்படிப் பேசும் என்று அறிந்த அந்தக் காதை யாரும் ரசிகக் காது என்று சொன்னதில்லை. இவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய புத்தகத்தின் வெளியீட்டுக்கு இடம் தருவதாகச் சொன்ன கலாக்ஷேத்ரா, 2020இல் அந்த அனுமதியைத் திரும்ப வாங்கிக்கொண்டது. விழா வேறிடத்தில் நடந்தது. தோலைத் தட்டலாம், தோலைப் பற்றிப் பேசக்கூடாது!

தொண்ணூறுகளில் தலித் கலை விழாக்கள் நடந்தபோது ஒன்றுக்கு அப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போனேன். வரமாட்டேன்னு அடம்பிடிச்சார். மேடையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள், காலில் சலங்கை கட்டிப் பறை அடிச்சாங்க. வைக்கோலைக் கொளுத்திப் பறை காய்ச்சின வாசம் வந்ததும் அப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டார். கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தேன். தாத்தா மாதிரியே தொடையில் விரல் ஆடிக்கிட்டிருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார்: "இந்தப் பொண்ணுங்கள யாரும் ஆள் விட்டுக் கூப்பிடலை. அதான் இப்படி அடிக்குதுங்க."

அப்பா தப்பை உடைச்சது தப்பா என்று ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். அன்னிக்கு அது சரிதான். ஆள் அனுப்பிக் கூப்பிடுகிற அந்த உரிமையை உடைக்க அவருக்கு வேற கருவி இல்லை. அதனால் இன்றைக்கும் கட்டாயப் பறையை மறுக்கிற ஊர்களில் இளைஞர்கள் பக்கம்தான் நாம் நிற்க வேண்டும். அடிக்கிற கை கறாராக இருக்கணும், யாருக்கு அடிப்பேன், யாருக்கு அடிக்க மாட்டேன் என்று. கேக்கிற காதுக்கு அந்தக் கறார் வேணாம். அம்பேத்கர் தம் கடைசிக் காலத்தில் வயலின் கற்றுக்கொண்டார். இது நம்ம வாத்தியம் இல்லையே என்று அவர் நினைக்கவில்லை.

2018 ஜனவரியில் 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாகச் சென்னையில் மேடையேறியபோது கானாவும் ராப்பும் ராக்கும் பறையும் ஒன்றாக ஒலித்தன. என் பேரன் அதைப் போனில் போட்டுக் காட்டினான். அதுக்கடுத்து அவனே எதையோ தேடி ஒரு நாகசுரத்தைப் போட்டான். "இதுவும் நல்லாருக்கு தாத்தா" என்றான். அவனுக்குக் கோயிலும் தெரியாது, வரப்பும் தெரியாது. மூச்சு நீளமா இருக்கான்னு கேளுடா என்றேன். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டான்.