கச்சேரிக்கு ஏற்ற கையடக்க ஒலிப்பதிவுக் கருவி: கிழக்கேகோட்டை சொல்லும் சரித்திரம்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை வாசலைக் கடந்து உள்ளே சென்றால் ஸ்ரீபத்மநாபஸ்வாமி கோவில், பத்மதீர்த்தக் குளம், மேத்தன் மணி, குதிரமாளிகை, நவராத்திரி மண்டபம் என்று எல்லாம் கூப்பிடு தூரத்துக்குள் அடங்கிவிடும். நம் அங்கத்தினர்கள் பலர் பிழைப்பை முன்னிட்டு மும்பை, தில்லி, சென்னை, பெங்களூர் என்று குடியேறி இரண்டு மூன்று தலைமுறை ஆகிவிட்டது. ஆனாலும் புரட்டாசி மாதம் நெருங்கும்போது நவராத்திரி மண்டபக் கச்சேரி பற்றிய பேச்சு வராத வீடு குறைவு. அந்தச் சமயத்தில் வெளியூர் உறவினர்களிடமிருந்து எனக்குத் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "மாமா, கச்சேரியை ரிக்கார்டு பண்ண, கையில் எடுத்துப் போகிற மாதிரி கருவி எது வாங்கலாம்?"

கடைக்காரரைக் கேட்டாலே இதற்குப் பதில் கிடைத்துவிடும். ஆனால் இந்த இடத்தின் சங்கீத சரித்திரத்தைக் கொஞ்சம் அறிந்தவனுக்குக் கேள்வி அவ்வளவு சின்னதாகத் தோன்றவில்லை. ஒரு நூறு வருஷ காலம், கருவி எவ்வளவு நேரம் ஓடுமோ அவ்வளவு நேரத்துக்குத்தான் நம் சங்கீதத்தைச் சேமிக்க முடிந்தது. கச்சேரி முழுவதையும் தன்னுள் வாங்கிக்கொள்ளும் கருவி நம் சட்டைப்பைக்குள் வந்து சேர்ந்து இருபது வருஷந்தான் ஆகிறது. ஆகவே எதை வாங்குவது என்பதை, எதையெல்லாம் இழந்தோம் என்பதிலிருந்து தொடங்குவதே முறை.

சாஹித்யம் நின்றது, மெட்டு போயிற்று

மஹாராஜா ஸ்வாதித் திருநாள் 1813-ல் பிறந்து 1846-ல் மறைந்தவர். முப்பத்துமூன்று வயசுக்குள் அவர் இயற்றிய கிருதிகள் நூற்றுக்கணக்கில் உண்டு. நவராத்திரியின் ஒன்பது நாளுக்கும் ஒன்பது கிருதிகளை அமைத்தவரும் அவரே. கம்பர் பூஜித்ததாக ஐதீகமுள்ள சரஸ்வதி விக்ரஹம் பத்மநாபபுரத்திலிருந்து ஊர்வலமாகக் கிழக்கேகோட்டைக்கு எழுந்தருள, அம்பாளின் சந்நிதியில் அந்தந்த நாளுக்கு உரிய கிருதியை விஸ்தாரமாகப் பாடுவது இன்றும் நடக்கும் வழக்கம்.

அந்தக் காலத்தில் ஒலியைச் சேமிக்க இருந்தது மனிதரின் ஞாபகம் மட்டுமே. முல்லமூடு பாகவதர்கள் என்று பெயர் பெற்ற பரம்பரையினர் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்ததால் பல உருப்படிகள் பிழைத்தன. அப்படியும் எல்லாம் பிழைக்கவில்லை. பல கிருதிகளுக்குச் சாஹித்யம் ஏட்டில் இருந்தது. ராக தாளக் குறிப்பும் இருந்தது. எப்படிப் பாடினார்கள் என்பதைச் சொல்ல ஆளில்லை. 1939-ல் இங்கே தொடங்கிய ஸ்வாதித் திருநாள் சங்கீத அகாடமியின் தலைமையை ஏற்ற ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும், அவருக்குப் பின் வந்த செம்மங்குடி ஸ்ரீநிவாஸய்யரும் அப்படிப்பட்ட கிருதிகளை மீண்டும் மெட்டமைத்துப் பாடாந்தரமாக்கினார்கள். இன்று நாம் கேட்டு உருகும் பாடல்களில் சிலவற்றின் மெட்டுக்கு வயசு நூறுகூட ஆகவில்லை. அந்த மஹான்களின் ஞானத்தால் நமக்கு நல்லதே கிடைத்தது. ஆனால் மஹாராஜா காலத்தில் அவை எப்படி ஒலித்தன என்பதை இனி யாராலும் கேட்க முடியாது.

மூன்று நிமிஷத்திலிருந்து மூன்று மணி வரை

இந்தியாவில் இசைத்தட்டுக்கான ஒலிப்பதிவு 1902-ல் கல்கத்தாவில் தொடங்கியது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிஷம். நவராத்திரி மண்டபக் கச்சேரி மாலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரை வரை நடக்கும். அதாவது ஒரு மாலைக்கு ஐம்பது பக்கம் வேண்டும். ஆகவே வித்வான்கள் ராகத்தை நாலு பிடியில் காட்டி, பல்லவி அனுபல்லவி சரணத்தை ஓட்டமாகப் பாடி முடித்தார்கள். தட்டில் கேட்கும் சங்கீதம் தட்டின் அளவுக்குத் தைத்த சட்டை.

திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் வானொலி நிலையம் 1943-ல் தொடங்கியது. 1950-ல் அகில இந்திய வானொலியோடு சேர்ந்தது. அதே காலத்தில்தான் காந்த நாடாவும் பரவியது. ஏழு அங்குல ஸ்பூலில் 1200 அடி நாடா பிடிக்கும். விநாடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் ஓடினால் 32 நிமிஷம், பாதி வேகத்தில் 64 நிமிஷம். முதல் தடவையாக ஒரு முழு ராக ஆலாபனை வெட்டுப்படாமல் பதிவாயிற்று. ஆனால் அந்தப் பெட்டியைத் தூக்கவே ஓர் ஆள் வேண்டும்; மின்சாரமும் வேண்டும். ஸ்விட்சர்லாந்தில் குடெல்ஸ்கி 1951-ல் செய்த 'நாக்ரா' தோளில் மாட்டக்கூடியதுதான். எனினும் அது வானொலிக்காரர்களுக்கும் சினிமாக்காரர்களுக்கும் எட்டும் பொருள், குடும்பஸ்தருக்கு எட்டாது.

பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் கேஸட்டைக் கொண்டுவந்த பிறகுதான் ஒலிப்பதிவு நம் வீடுகளுக்குள் நுழைந்தது. எங்கள் அத்திம்பேர் போன்ற ரசிகர்கள் முன்வரிசையில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் இதைத்தான். தொண்ணூறு நிமிஷக் கேஸட்டில் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிஷம். இரண்டரை மணிக் கச்சேரிக்கு மூன்று தடவை திருப்பவோ மாற்றவோ வேண்டும். பழைய பதிவுகளில் நிரவல் உச்சத்துக்குப் போகும்போது 'டக்' என்று ஒரு சப்தம், பிறகு ஸ்வரம் பாதியில் தொடங்குவதைக் கேட்காத ரசிகர் இருக்கமாட்டார்.

சோனி கம்பெனியின் டிஏடி நாடா 1987-ல் வந்தது; இரண்டு மணி நேரம் பிடித்தது. மினிடிஸ்க் 1992-ல் வந்தது. 60, 74 நிமிஷத் தட்டுகள். இரண்டும் மங்கலில்லாத டிஜிட்டல் பதிவு. டிஏடி கருவிகளை சோனி 2005-ல் நிறுத்தியது. மினிடிஸ்க் கருவிகளை 2013-ல் நிறுத்தியது. பதிவு செய்த நாடாவும் தட்டும் பத்திரமாக இருந்தாலும், போட்டுக் கேட்கும் கருவி பழுதானால் அவை வெறும் பிளாஸ்டிக். இது நாம் மறக்கக் கூடாத பாடம்.

மெமரி கார்டில் பதியும் கையடக்கக் கருவிகள் 2000-களின் நடுவில் வந்தன. எடிரோல் ஆர்-09 2006-ல், ஜூம் எச்-2 2007-ல், சோனி பிசிஎம்-எம்10 2009-ல். இரண்டு பேனா பேட்டரி, உள்ளேயே இரண்டு மைக், ஓடும் பாகம் எதுவும் இல்லை, திருப்ப வேண்டிய பக்கமும் இல்லை.

அதே 2006-ஆம் ஆண்டில்தான், அதுவரை ஆண்கள் மட்டுமே பாடிய நவராத்திரி மண்டபத்தில் முதன்முதலாக ஒரு பெண்மணி பாடினார். அவர் பாறசாலை பி. பொன்னம்மாள். ஸ்வாதித் திருநாள் அகாடமியில் சேர்ந்த முதல் பெண் மாணவி. மண்டபத்தில் பாடியபோது அவருக்கு வயசு 81. அவர் 2021-ல் காலமானார். எண்பதுக்கு மேல் அவர் பாடிய அடக்கமான, அவசரமில்லாத சங்கீதத்தை நாம் ஓரளவு பதிவுகளில் கேட்கிறோம். ஆனால் முப்பதிலும் நாற்பதிலும் அந்தக் குரல் எப்படி இருந்தது என்பதை நினைத்தால்தான், ஒரு ரிக்கார்டரைச் சரியான சமயத்தில் எடுத்துப்போவதன் அருமை புரிகிறது.

எதைப் பார்த்து வாங்குவது?

மாடல்களின் பெயர் வருஷத்துக்கு வருஷம் மாறும். ஆகவே கிழக்கேகோட்டையின் மூன்று இடங்களை மனசில் வைத்து, கருவிக்குப் பரீட்சை வைப்போம்.

முதலாவது நவராத்திரி மண்டபம். இங்கே கைதட்டும் வழக்கம் கிடையாது. அந்த நிசப்தத்தில் தம்புரா மெல்ல ஒலிக்கும். அடுத்த கணமே மிருதங்கத்தின் சாப்பு வெடிக்கும். மலிவான கருவிகளும் கைப்பேசிகளும் ஒலியளவைத் தாமே ஏற்றி இறக்கும். மிருதங்க அடி விழுந்ததும் எல்லாம் அமுங்கி, பிறகு தம்புரா அலைபோல மேலெழும். கேட்கச் சகிக்காது. ஆகவே தானியங்கி ஏற்றத்தை நிறுத்திவைத்து, அளவைக் கையால் வைக்க வசதியுள்ள கருவியே வேண்டும். உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபெல் அருகே நிற்கும்படி வைத்தால் தனியாவர்த்தனத்துக்கு இடமிருக்கும். 24 பிட் பதிவில் இப்படித் தாழ்த்தி வைப்பதால் நஷ்டமில்லை. அண்மையில் பரவியுள்ள '32 பிட் ஃப்ளோட்' கருவிகளில் அளவை முன்கூட்டி வைக்கவே வேண்டாம்; ஆனால் மைக்கே தாங்காத சப்தத்தை அவற்றாலும் சீர்செய்ய முடியாது. பொத்தானை அமுக்கினால் 'பீப்' என்று கூவாத கருவியாகவும், விளக்கை அணைத்துவைக்கக் கூடியதாகவும் இருக்கட்டும்.

இரண்டாவது குதிரமாளிகை. மாளிகைத் திண்ணையில் வித்வான் அமர, ரசிகர்கள் திறந்த முற்றத்தில் அமர்ந்து கேட்கும் ஸ்வாதி சங்கீதோத்ஸவம் பிரசித்தமானது. அங்கே காற்று வீசும். மைக்குக்கு ஸ்பாஞ்ச் உறையோ மயிர் உறையோ அவசியம். பறவைகளும் கூடவே பாடும். அதை நான் குறையாக எண்ணுவதில்லை. தாழ்ந்த இரைச்சலை வெட்டும் 'லோ கட்' பொத்தானை யோசித்துப் போடவேண்டும். அதிகமாக வெட்டினால் மிருதங்கத்தின் தொப்பி நாதமும் கூடவே போய்விடும்.

மூன்றாவது கார்த்திகைத் திருநாள் அரங்கம் போன்ற ஸபா ஹால்கள். இங்கே நாம் கேட்பது பெரும்பாலும் ஸ்பீக்கர் வழியாகத்தான். ஸ்பீக்கருக்கு எதிரே உட்கார்ந்தால் எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் ஸ்பீக்கரைத்தான் பதியும். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, முன்வரிசைகளில், சிறு ஸ்டாண்டில் நிறுத்துவது நல்லது. ஒலியமைப்பாளர் சம்மதித்தால் மிக்ஸரிலிருந்து கம்பி எடுக்கலாம். அதற்கு 'லைன் இன்' வசதி வேண்டும்.

கணக்கும் ஒன்று சொல்கிறேன். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ பதிவு மணிக்குச் சுமார் ஒரு ஜிகாபைட். ஒரு மாலைக்கு 2.6 ஜிகாபைட், ஒன்பது மாலைக்கும் 23 அல்லது 24. முழு நவராத்திரியும் ஒரு 32 ஜிகாபைட் கார்டில் அடங்கிவிடும். ஆகவே இடத்தை மிச்சம் பிடிக்க எம்பி3-ல் பதியவேண்டிய காரணமே இல்லை; எந்தக் கணினியும் படிக்கும் சாதாரண 'வேவ்' கோப்பாகப் பதியுங்கள். சில கருவிகள் இரண்டு ஜிகாபைட் ஆனதும் புதுக் கோப்பு தொடங்கும்; நடுவில் இடைவெளி விழாத கருவிதானா என்று வீட்டிலேயே இரண்டரை மணி ஓடவிட்டுப் பாருங்கள். கடையில் எங்கும் கிடைக்கும் பேனா பேட்டரியில் ஓடுவது உத்தமம். உள்ளேயே மூடி வைத்த பேட்டரி சில வருஷத்தில் தளர்ந்தால் மாற்றுவது சிரமம்.

அனுமதியும் சட்டமும்

1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-ல் வந்த திருத்தம், பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் தம் கச்சேரியின் மேல் உரிமையைத் தந்தது. பதிவு செய்பவர் தம் சொந்த உபயோகத்துக்காகவோ, போதனைக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டுமோ பதிவு செய்தால் அந்த உரிமை மீறப்பட்டதாகாது. அதை ஊரெல்லாம் பரப்புவது வேறு விஷயம். சட்டம் ஒரு பக்கம் இருக்க, இடத்தை நடத்துகிறவர்களையும் வித்வானையும் முன்கூட்டிக் கேட்பது நம் மரியாதை. கோவில் சம்பந்தமான இடங்களில் கருவிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. வேண்டாம் என்றால் கருவியைப் பையில் வைத்துவிட்டு, காதைத் திறந்து வைத்துக்கொள்வோம்.

பழைய பெட்டியைத் திறப்போம்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பெட்டி கேஸட் இருக்கிறது. சிலவற்றின் மேல் ஒரு சீட்டும் இல்லை. நவராத்திரி மண்டபப் பதிவு என்றால் நாளையாவது கண்டுபிடித்துவிடலாம். முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, மூன்றாம் நாள் ஸாவேரி, பிறகு தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த ஸாவேரி, நாட்டைக்குறிஞ்சி, ஒன்பதாம் நாள் ஆரபி. பிரதான ராகமே தேதியைச் சொல்லிவிடும். ஆனால் எந்த வருஷம், பிடில் யார், மிருதங்கம் யார் என்பதை ராகம் சொல்லாது. கேட்டால் சொல்லக்கூடிய பெரியவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

நம் பக்கத்து மழையிலும் ஈரத்திலும் நாடாவில் பூஞ்சை பிடிக்கிறது. ஆகவே புதுக் கருவி வாங்கும் அங்கத்தினர்களுக்கு என் யோசனை: 'லைன் இன்' உள்ளதையே வாங்குங்கள். அதே கருவியில் நல்ல கேஸட் பிளேயரை இணைத்து, பழைய பதிவுகளையும் டிஜிட்டலாக்கிவிடலாம். தொண்ணூறு நிமிஷக் கேஸட்டுக்குத் தொண்ணூறு நிமிஷம் ஆகும், குறுக்குவழி கிடையாது. வாரம் ஒரு கேஸட் வைத்தால் வருஷத்துக்கு ஐம்பது முடியும். புதிதோ பழையதோ, ஒவ்வொரு கோப்புக்கும் வருஷம், தேதி, இடம், பாடியவர், பக்கவாத்தியம், உருப்படிகள் என்று எழுதி, மூன்று பிரதி எடுத்து, அதில் ஒன்றை வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். பரணில் பெட்டி வைத்திருப்பவர்கள், விவரம் சொல்லக்கூடிய பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அடுத்த நவராத்திரிக்குள் முதல் கேஸட்டைப் போட்டுக் கேட்கத் தொடங்கிவிடுங்கள்.