இணையம் வழி தெரிவுசெய்யும் விதமும் யாழ். குடாநாடும்

யாழ். குடாநாட்டிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் தரைவழிகள் மிகச் சில என்பதை இம்மண்ணில் வாழ்ந்தவர்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனையிறவூடாகச் செல்லும் ஏ-9 வீதி ஒன்று. பூநகரியூடாக மன்னார்ப் பக்கம் செல்லும் ஏ-32 வீதி மற்றொன்று. தொண்ணூறுகளின் முற்பகுதியில் ஆனையிறவு மூடுண்டபோது மக்கள் கிளாலி நீரேரியை இரவில் படகுகளில் கடந்தனர். 2006 ஓகஸ்ட்டில் ஏ-9 மீண்டும் மூடப்பட்டபோது கப்பலும் விமானமுமே எஞ்சின. சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரியிலேயே திறக்கப்பட்டது. அக்காலங்களில் எமது பயணத்தைத் தீர்மானித்தது வழியின் நீளமன்று. எந்த வழி திறந்திருக்கிறது, எவர் அனுமதி தருகிறார், எவ்வளவு செலவாகும் என்பவையே தீர்மானித்தன.

இணையத்தில் செல்லும் தரவுகளின் நிலையும் பெரிதும் இத்தகையதே. இணையம் ஒரே வலையமைப்பு என நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அது எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தனித்தனி வலையமைப்புகளின் கூட்டாகும். ஸ்ரீலங்கா ரெலிகொம் ஒன்று, டயலொக் ஒன்று, எமது பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ன்' எனும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு மற்றொன்று. ஒவ்வொன்றும் தனது எல்லைக்குள் தன்னாட்சி உடையது. ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் உண்டு. ஆசிய பசுபிக் பிராந்தியத்துக்குரிய இலக்கங்களை அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலுள்ள ஏப்னிக் என்ற பதிவகம் வழங்கி வருகிறது.

இவ்வலையமைப்புகள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழியே பி.ஜி.பி. எனப்படும் எல்லை நுழைவாயில் நெறிமுறையாகும். 1989 ஜனவரியில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த யாக்கோவ் ரெக்டரும் சிஸ்கோ நிறுவனத்தைச் சேர்ந்த கேர்க் லொகீட்டும் மதிய உணவு வேளையில் கைதுடைக்கும் தாள்களில் இதன் முதல் வரைவை எழுதினர் என்பது இத்துறையில் அனைவரும் அறிந்த செய்தி. தற்காலிக ஏற்பாடாகக் கருதப்பட்ட அதுவே, திருத்தங்களுடன், இன்றும் உலக இணையத்தைத் தாங்கி நிற்கிறது.

இதன் செயல்முறை எளியது. "இன்ன முகவரிகள் என்னிடம் உள்ளன" என்று ஒரு வலையமைப்பு தன் அயல் வலையமைப்புகளுக்கு அறிவிக்கிறது. அவை தத்தம் இலக்கத்தையும் சேர்த்து அப்பால் அறிவிக்கின்றன. இவ்வாறு ஓர் அறிவித்தல் வந்து சேரும்போது அது கடந்து வந்த வலையமைப்புகளின் இலக்க வரிசையும் உடன் வரும். அவ்வரிசையில் தனது இலக்கமே இருக்கக் கண்டால் அது சுற்றிவந்த செய்தி எனக் கருதி வலையமைப்பு அதனைத் தள்ளிவிடும்.

ஒரே இடத்துக்குப் பல வழிகள் அறிவிக்கப்பட்டால் எது தெரிவாகும்? குறுகிய வழியே என்று பலரும் நினைப்பர். அவ்வாறன்று. முதலில் பார்க்கப்படுவது வலையமைப்பின் உரிமையாளர் தாமே இட்டுவைத்த முன்னுரிமை. தமக்குப் பணம் செலுத்தும் வாடிக்கையாளர் ஊடான வழிக்கு முதலிடம். பணப் பரிமாற்றமின்றித் தரவு மாற்றிக்கொள்ளும் சமநிலையாளருக்கு அடுத்த இடம். தாம் பணம் செலுத்த வேண்டிய மேல்நிலை நிறுவனத்துக்குக் கடைசி இடம். இதுவே பெருவழக்கு. இம்முன்னுரிமை சமமாகும்போதுதான் இடையிலுள்ள வலையமைப்புகளின் எண்ணிக்கை எதில் குறைவு என்று பார்க்கப்படுகிறது. அதுவும் சமமாயின் வேறு சில ஒப்பீடுகள் வரும். தமது வலையிலிருந்து தரவை எவ்வளவு விரைவாக வெளியே தள்ளலாம் என்பது அவற்றுள் ஒன்று. 'சூடான உருளைக்கிழங்கு முறை' என்று இத்துறையினர் இதனைப் பரிகாசமாகக் குறிப்பிடுவர்.

இந்நெறிமுறை எவற்றை அறியாது என்பதே எமக்கு முக்கியமானது. அது கிலோமீற்றரை அறியாது. நெரிசலை அறியாது. கண்டம் கடக்கும் வலையமைப்பும் ஒரு நகரத்துக்குள் அடங்கும் வலையமைப்பும் அதன் கணக்கில் ஒவ்வோர் இலக்கமே. இரு நிறுவனங்களின் கண்ணாடியிழைகள் ஒரே வீதியோரத்தில், ஒரே மதகின் கீழாகச் சென்றாலும் அதற்கு அவை இரு வேறு வழிகளாகவே தோன்றும். மண்வெட்டும் இயந்திரமொன்று இரண்டையும் ஒருசேர அறுத்தெறிந்த பின்னரே உண்மை வெளிப்படும்.

கோண்டாவிலில் டயலொக் இணைப்பு வைத்திருக்கும் மாணவர் ஒருவர், அயலில் திருநெல்வேலியிலுள்ள யாழ். பல்கலைக்கழகத்தின் வழங்கியிலிருந்து பாடக்குறிப்பொன்றைப் பெற முயல்வதாகக் கொள்வோம். இரண்டு இடங்களுக்கும் நடந்தே போய்விடலாம். ஆனால் தரவோ, அவ்விரு வலையமைப்புகளும் எங்கே சந்திக்கின்றனவோ அங்கே சென்றுதான் திரும்ப வேண்டும். அச்சந்திப்பு கொழும்பிலாயின் போய்வர ஏறத்தாழ 800 கிலோமீற்றர். சிங்கப்பூரிலாயின் ஆறாயிரம் கிலோமீற்றருக்கும் மேல். கண்ணாடியிழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீற்றர் செல்வதால் இந்தத் தாமதத்தை மாணவர் உணரவும் மாட்டார். தாமதம் இங்கு பெரிய குறையன்று. வன்னியில் எங்கோ இழை அறுந்தால் கோண்டாவிலும் திருநெல்வேலியும் ஒன்றையொன்று காணமுடியாமற் போகும் என்பதே குறை.

கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். பருத்தித்துறைக்கும் கோடிக்கரைக்கும் இடைப்பட்ட கடல் நூறு கிலோமீற்றருக்கும் குறைவானது. எனினும் 2006 இல் தூத்துக்குடியிலிருந்து இடப்பட்ட இந்திய இலங்கைக் கடலடிக் கேபிள் கல்கிசையிலேயே கரையேறியது. நாகப்பட்டினத்துக்குப் போகவேண்டிய எமது சொல், முதலில் தெற்கே 400 கிலோமீற்றர் செல்ல வேண்டியதாயிற்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பெருந்தொகையினர் புத்தளத்தில் குடியமர்ந்தனர். அவர்களுக்கும் யாழ். சோனகத்தெருவுக்கு மீண்ட உறவினர்களுக்கும் இடையே காணி, கல்வி, கல்யாணம் என எதைப் பேசுவதாயினும் இன்று வட்ஸ்அப் அழைப்பே கைகொடுக்கிறது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் பிள்ளைகளை வைத்திருக்கும் தமிழ்ப் பெற்றோரின் நிலையும் அதுவே. இவ்வழைப்புகள் எவ்வழியாகச் செல்கின்றன என்பது இருதரப்புக்கும் பொதுவான அக்கறையாகும்.

மாற்றுவழி இருந்தால்தான் பி.ஜி.பி. அதனைத் தெரிவுசெய்யும், இல்லாத வழியை அது உருவாக்காது. 2004 ஓகஸ்ட்டில் கொழும்புக்கு அப்பால் கப்பலொன்றின் நங்கூரம் சீ-மீ-வீ 3 கேபிளைச் சேதப்படுத்தியபோது நாடே இதனை உணர்ந்தது. பின்னர் சீ-மீ-வீ 4, மாத்தறையில் கரையேறும் சீ-மீ-வீ 5 என்பன வந்து நிலைமையைத் தேற்றின. அவையனைத்தும் தென்னிலங்கைக் கரையில் வந்தவை என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

வழி இருந்தும் தவறிப்போவதுண்டு. 2008 பெப்ரவரி 24 ஆம் திகதி, அரசின் உத்தரவுப்படி யூரியூப் தளத்தைத் தமது நாட்டுக்குள் மறிக்க முனைந்த பாகிஸ்தான் ரெலிகொம், அத்தளத்தின் முகவரிகள் தன்னிடமே உள்ளன என்ற அறிவித்தலை வெளியுலகுக்கும் கசியவிட்டது. யூரியூப் 1,024 முகவரிகளை ஒரு தொகுதியாக அறிவித்திருந்தது. பாகிஸ்தான் அறிவித்ததோ அதற்குள் அடங்கிய 256. குறுகிய தொகுதியை அறிவிப்பவருக்கே தரவு செல்லும் என்பது விதியாதலால், உலகின் பெரும்பகுதி சுமார் இரண்டு மணிநேரம் யூரியூப்பைத் தேடிப் பாகிஸ்தானுக்குச் சென்றது. 2021 ஒக்டோபர் 4 ஆம் திகதி இதற்கு எதிர்மாறானது நிகழ்ந்தது. பேஸ்புக் நிறுவனம் பராமரிப்பின்போது தனது அறிவித்தல்களையே மீளப்பெற்றுக்கொண்டதால் வட்ஸ்அப்பும் சேர்ந்து ஆறு மணிநேரத்துக்கு மேல் மறைந்துபோயிற்று.

பொய் அறிவித்தல்களைத் தடுப்பதற்கு ஆர்.பி.கே.ஐ. என்ற சான்றிதழ் முறை உண்டு. இன்ன முகவரியை அறிவிக்கும் உரிமை இன்ன இலக்கத்துக்கே உண்டு என்பதைப் பதிவகம் மறையீட்டு ஒப்பத்துடன் உறுதிசெய்யும். இது மூலத்தை மட்டுமே சரிபார்க்கும், இடைவழியைச் சரிபார்க்காது.

குடாநாட்டுக்கு உடனடித் தேவை வேறு இரண்டு. ஒன்று, வலையமைப்புகள் யாழ்ப்பாணத்திலேயே சந்தித்துத் தரவு மாற்றிக்கொள்ளும் பரிமாற்று நிலையம். ஓர் அறை, தடையற்ற மின்சாரம், சில கருவிகள், நிறுவனங்களின் இணக்கம் ஆகியவையே இதற்கு வேண்டியவை. இணக்கமே இவற்றுள் அரியது. போட்டியாளருடன் இலவசமாகத் தரவு மாற்ற எந்தப் பெரிய நிறுவனமும் தானாக முன்வராது என்பதால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இதில் தலையிடுவது பொருத்தமானது. மற்றையது, ஆனையிறவு வழியையும் சங்குப்பிட்டி வழியையும் தனித்தனியே பயன்படுத்தும் இழைகள். ஒரு நிறுவனம் தன்னிடம் இரண்டு வழிகள் உண்டென விளம்பரம் செய்யுமாயின், அவ்விரண்டும் எந்தெந்தப் பாலத்தைக் கடக்கின்றன என்று மருத்துவமனைகளும் வங்கிகளும் மாநகர சபையும் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவதற்கு முன்னரே எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.