கடற்கரையில் உழைப்பும் ஓய்வும்

பொருநையாறு கடலொடு கலந்த இடத்தில் கொற்கை என்னும் பெருந்துறை முற்காலத்தில் விளங்கிற்று. கடல் விலகிச் செல்லவே கொற்கை உள்நாட்டுச் சிற்றூராயிற்று; பின்னாளில் தூத்துக்குடி தலையெடுத்தது. இக் கரையின் முத்தைப் புகழ்ந்தோர் பலர். அம் முத்தை எடுத்தவர் எப்பொழுது உழைத்தனர், எப்பொழுது ஓய்ந்தனர் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

முத்துக்குளிப்பைச் சலாபம் என்பர். அக்காலத்தில், இரவிலே வீசும் கரைக்காற்றில் தோணிகள் பாய்விரித்துப் பார்களை நோக்கிச் செல்லும். கதிரவன் எழுந்தபின் குளிப்புத் தொடங்கும். கல்லின் கனத்தால் ஒருவன் கடலுள் இறங்குவான். கயிற்றைப் பிடித்து ஒருவன் தோணியில் நிற்பான். கீழே உள்ளவன் கயிற்றை அசைத்ததும் மேலே உள்ளவன் இழுத்துவிடுவான். ஒரு கல்லுக்கு இருவர் முறைவைத்துக் குளிப்பர். ஒருவன் மூழ்குங்கால் மற்றவன் மூச்சு வாங்குவான். நண்பகலில் கடற்காற்று எழும், வேலை முடியும், தோணிகள் கரை திரும்பும். இன்னும் ஒரு முறை மூழ்கினால் இன்னும் சில சிப்பி கிடைக்குமே என்னும் ஆசை யாருக்குத்தான் இல்லை? ஆயினும் காற்றின் கட்டளையை மீறுவார் இலர். அத்தொழில் எளியதன்று, சுறாவுக்கும் மூச்சடைப்புக்கும் இடையே நடந்த தொழில் அது. 1961-ஆம் ஆண்டோடு அரசு நடத்திய சலாபங்கள் இங்கு நின்றன.

1888-இல் இவ்வூரில் கோரல் ஆலை எழுந்தது. ஆலைக்குள் கடற்காற்று இல்லை. எந்திரத்திற்கு மூச்சு வாங்குவதும் இல்லை. விடியல் முதல் இருட்டும்வரை வேலை; கூலியோ குறைவு; வார விடுமுறையும் இல்லை. 1908 பிப்ரவரி 27-ஆம் நாள் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணைநின்றனர். ஊராரும் அவர்களைக் கைவிடவில்லை. ஒன்பது நாளில் நிர்வாகம் இணங்கிற்று. கூலி உயர்ந்தது, வேலைநேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாளாயிற்று. மார்ச் 12-ஆம் நாள் சிதம்பரனார் சிறைப்பட்டார். கூலியோடு ஓய்வையும் கேட்டார்கள் என்பதே இப் போராட்டத்தில் நாம் கருதத்தக்கது. 1911-ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகளில் ஆடவர்க்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி என எல்லை வகுத்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்திற்கு 48 மணி என வகுத்தது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அலுவலகம் வீட்டுக்குள் புகுந்தது. என் வீட்டு மாடியறையில் என் பேரன் மடிக்கணினியோடு அமர்ந்தான். அவன் வேலை நெடுந்தொலைவில் உள்ள நிறுவனத்திற்கு. நள்ளிரவில் நான் கண்விழித்தால் அவ்வறையில் விளக்கு எரியும். "சாப்பிட்டாயா?" என்பேன். "இதோ முடிந்துவிட்டது, தாத்தா" என்பான், முடியாது. சங்கொலி அவனுக்கு இல்லை, கடற்காற்றும் இல்லை.

ஒருநாள் அவனுக்குச் சலாபத்தின் கதையைச் சொன்னேன். கேட்டவன் சிரித்தான், பின்னர்ச் சிந்தித்தான். மாலை ஏழு மணியைத் தன் கடற்காற்றாக வைத்துக்கொண்டான். கணினியை மாடியிலேயே விட்டுக் கீழே வரப் பழகினான். இரவு வேலையை உடன் பணிபுரிவோரோடு முறைவைத்துக்கொண்டான். மணி தவறினால் அழைக்கும் பொறுப்பைத் தன் தாயிடம் ஒப்படைத்தான். அவளே கயிறு பிடிப்பவள்.

ஆயினும் ஒருவன் உறுதி மட்டும் போதாது. ஆலைத் தொழிலாளர் ஞாயிற்றுக்கிழமையைத் தனித்தனியே பெறவில்லை. வேலைநேரம் கடந்தபின் அலுவலகத் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமையைப் பிரான்சு நாட்டுச் சட்டம் 2017 முதல் ஏற்றுள்ளது. அத்தகைய எல்லை இங்கும் வேண்டும். நேயர்களே! கல் ஆழத்திற்குக் கொண்டுசெல்லும், கரைசேர்ப்பது கயிறே. உங்கள் வீட்டில் அக்கயிற்றைப் பிடித்திருப்பவர் யார் என்று இன்றிரவு எண்ணிப் பாருங்கள்.