ரூபாய்க்கு ஒரு தம்பிடி

(தலைப்பு: மாநில அரசின் வரி உயர்வு மக்களுக்குச் சுமையா? வளர்ச்சிக்கு உரமா? 'உரமே' என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை.)



எனக்கு முன்னால் பேசிய சகோதரி, ஒரு மளிகைக்கடை ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா, பொருளுக்குக் கொடுத்த காசு மேலே இருக்கு, வரிக்குக் கொடுத்த காசு கீழே இருக்கு, என் கண்ணீர் ரெண்டுக்கும் நடுவிலே இருக்கு" என்று சொன்னார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஏன்னா எங்க வீட்டு ரசீதும் அப்படித்தான் இருக்கு! (சிரிப்பு)

ஆனால் நடுவர் அவர்களே, இந்த ரசீதுக்கு ஒரு வரலாறு உண்டு. பொருள் வாங்கும்போது மாகாண அரசுக்கு ஒரு பொது வரி என்ற ஏற்பாடு, இந்தியாவிலேயே முதன்முதலில் நம்ம சென்னை மாகாணத்தில்தான் வந்தது. வருஷம் 1939. அதைக் கொண்டுவந்தவர் ராஜாஜி. எதற்காகக் கொண்டுவந்தார் என்று தெரிந்தால், என் சகோதரி அந்த ரசீதைக் கிழிக்க மாட்டார். அலமாரியிலே பத்திரமா எடுத்து வைப்பார்.

கதை 1937-ல் ஆரம்பிக்கிறது. அந்த ஜூலை மாதம் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். அப்போது மாகாண முதல்வரைப் பிரதமர் என்றுதான் சொல்வார்கள். நிதி இலாகாவையும் அவரே வைத்துக்கொண்டார். கஜானாவைத் திறந்து பார்க்கிறார். உள்ளே என்ன வாடை அடிக்குது? கள்ளு வாடை! (சிரிப்பு) சிரிக்காதீங்க, உண்மை. மாகாணத்துக்கு 100 ரூபாய் வருமானம் வந்தால், அதில் ஏறக்குறைய 25 ரூபாய் கள்ளிலும் சாராயத்திலும் இருந்துதான் வந்தது. கடையை ஏலம் விட்ட குத்தகைப் பணம், கள் இறக்கும் மரத்துக்கு மரவரி என்று பல வழியிலே அந்தக் காசு வரும்.

யார் கொடுத்த காசு அது? மிராசுதாரா? மில் முதலாளியா? நாள் முழுக்க வயலில் குனிந்து நிமிர்ந்தவன் கொடுத்தது. அந்தக் காசிலேதான் பள்ளிக்கூடம் நடந்தது, ஆஸ்பத்திரி நடந்தது. அப்பன் குடித்தால்தான் பிள்ளைக்குப் படிப்பு! இதைவிட ஒரு கொடுமையான வரி உலகத்திலே இருக்க முடியுமா? ஆனால் அன்றைக்கு யாரும் இதைச் 'சுமை' என்று மேடை போட்டுப் பேசவில்லை. ஏன்? அதற்கு ரசீது கிடையாது. ரசீது இல்லாத வரியை யாரும் வரி என்றே நினைப்பதில்லை. (கைதட்டல்)

ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். 1925-ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் வைத்து, கிராமத்துக் குடிசைகளுக்குள்ளே குடி என்ன செய்யும் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர். அதனால் 1937 அக்டோபர் முதல் தேதி, சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1938-ல் சித்தூர், கடப்பை. 1939-ல் வட ஆர்க்காடு. அதெல்லாம் அன்று நம் மாகாணத்து மாவட்டங்கள்.

கடையை மூடியாச்சு. கஜானாவிலே ஓட்டை விழுந்தாச்சு. இப்போ என்ன செய்வது? ஒன்று, மறுபடியும் கடையைத் திறக்கலாம். ரெண்டு, பள்ளிக்கூடத்தை மூடலாம். மூணு, வேறு இடத்தில் வரி போடலாம். ராஜாஜி மூன்றாவது வழியைப் பிடித்தார்.

என்ன வரி? நூற்றுக்கு அரை ரூபாய். அதாவது 100 ரூபாய்க்கு விற்றால் எட்டணா. அந்தக் காலத்தில் ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 தம்பிடி. ஆக ஒரு ரூபாய்க்கு 192 தம்பிடி. அப்போ ரூபாய்க்கு ஏறக்குறைய ஒரே ஒரு தம்பிடி! அதையும் எல்லோர் தலையிலும் வைக்கவில்லை. வருஷத்துக்கு 10,000 ரூபாய்க்குக் குறைவாக வியாபாரம் பண்ணுகிற சின்னக் கடைக்கு வரி இல்லை. 20,000 வரைக்கும் மாசம் ஐந்து ரூபாய், அவ்வளவுதான். அதற்கு மேலே போனால்தான் அரை சதவீதம். விவசாயி தன் நிலத்தில் விளைந்ததைத் தானே விற்றால் வரி இல்லை. கைத்தறித் துணி மட்டும் விற்கிற கடைக்கும் வரி இல்லை. பாருங்க, ஆளுக்குத் தகுந்த அளவு!

அதுக்கே வியாபாரிகள் கொதித்துப் போனார்கள். "வியாபாரம் படுத்துவிடும், விலை ஏறிவிடும், ஏழை செத்துப் போவான்" என்றார்கள். இன்றைக்கு எதிரணி நண்பர்கள் பேசியது அப்படியே 1939-ன் மறு ஒலிபரப்பு! (சிரிப்பு)

இந்த இடத்தில் என் வீட்டுக் கதையைச் சொல்ல அனுமதி வேண்டும். எங்க தாத்தா அப்போ சேலம் மாவட்டம் ஆத்தூர்ப் பக்கம் ஒரு மளிகைக்கடை வச்சிருந்தார். மாசம் ஐந்து ரூபாய் வரி கட்டுகிற ரகம். அதுவரைக்கும் அவர் கணக்கு எழுதுவது சுவரிலே கரித்துண்டால்தான். சட்டம் வந்த பிறகு நோட்டுப் புத்தகம் போட வேண்டியதாயிற்று. தினம் ராத்திரி புலம்புவாராம். "மாசம் அஞ்சு ரூபாய்! எவன் வீட்டுச் சொத்து?"

ஒருநாள் எங்க பாட்டி சொன்னாங்களாம்: "ஏங்க, போற அஞ்சு ரூபாயை எண்ணுறீங்களே, வர்றதை எண்ணினீங்களா? முன்னே சந்தை நாள் கூலியெல்லாம் கள்ளுக்கடைக்குப் போச்சு. இப்போ அதே காசு உங்க கல்லாவுக்குத்தானே வருது! பொம்பளைங்க அரிசியும் பருப்பும் ரொக்கம் கொடுத்து வாங்கிட்டுப் போறாங்களே, அது எங்கேயிருந்து வந்துச்சு?" (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, பொருளாதாரத்தின் பெரிய பாடம் இது. எங்க பாட்டி பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவங்க. வரி என்பது ஓர் இடத்திலே எடுப்பது மட்டும் இல்லை, இன்னோர் இடத்திலே விடுவது. எடுக்கிறதை மட்டும் பார்த்தால் சுமை. விடுகிறதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு.

இதிலே பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. கள் இறக்கிப் பிழைத்தவர்களின் பிழைப்புப் போயிற்று. பதநீர், வெல்லம் என்று மாற்றுத் தொழில் காட்டினார்கள். அது எல்லாருக்கும் போதவில்லை. கள்ளச்சாராயமும் தலை தூக்கியது. நான் மறைக்கவில்லை.

இந்த வரி கோர்ட்டுக்கும் போனது. கடலை எண்ணெய் உற்பத்தி செய்து விற்ற ஒரு நிறுவனம் கேட்டது: "நாங்களே தயாரித்து நாங்களே முதலில் விற்கிறோம். அப்போ இது உற்பத்தி வரிதானே? உற்பத்தி வரி மத்திய அரசின் உரிமை அல்லவா? மாகாணம் எப்படிப் போடலாம்?" டெல்லியில் இருந்த ஃபெடரல் கோர்ட் 1942-ல் தீர்ப்புச் சொன்னது. அதன் சாரம் இதுதான்: எண்ணெய் ஆட்டியதற்கு வரி இல்லை, விற்றதற்குத்தான் வரி. ஆட்டியவன் விற்காமல் வைத்துக்கொண்டால் இந்த வரி அவனைத் தொடாது. ஆகவே மாகாணம் போட்டது செல்லும். 1945-ல் லண்டன் பிரிவி கவுன்சிலும் இதே பக்கம்தான் நின்றது. இதற்குள் வங்காளமும் பஞ்சாபும் 1941-லேயே இந்த வழிக்கு வந்துவிட்டன. சென்னை போட்ட பாதையிலே இந்தியாவே நடந்தது.

இப்போ எதிரணித் தலைவர் பிசிராந்தையாரைக் கூப்பிட்டார். புறநானூற்றில் அந்தப் புலவர் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்ன புத்தி. நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால், சின்ன வயலும் யானைக்குப் பல நாள் வரும். யானையே வயலுக்குள் இறங்கினால், வாயில் போவதைவிடக் காலில் மிதிபடுவது அதிகம். அருமையான உவமை. ஆனால் ஐயா, புலவர் எங்கேயாவது யானையைப் பட்டினி போடு என்று சொன்னாரா? (கைதட்டல்) யானைக்குச் சோறு போடு, ஆனால் கவளமாகப் போடு என்றுதானே சொன்னார்! அவர் எங்கள் அணி ஐயா!

மிதிபடுகிற கதையும் நம் விற்பனை வரியிலே உண்டு. ஒத்துக்கொள்கிறேன். மண்டிக்காரர் ஆலைக்கு விற்றால் ஒரு வரி, ஆலை மொத்த வியாபாரிக்கு விற்றால் ஒரு வரி, அவர் சில்லறைக் கடைக்கு விற்றால் இன்னொரு வரி. ஒவ்வொரு கையிலும் அரை அரையாகச் சேர்ந்து, வரி மேல் வரி ஏறி, கடைசியில் வாங்குகிற அம்மாவின் தலையில் இறங்கியது. இதுதான் யானையின் கால். அதற்கு மருந்து கண்டுபிடிக்க எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? முன்கூட்டிக் கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கட்டு என்ற மதிப்புக் கூட்டு வரி, தமிழ்நாட்டில் 2007 ஜனவரியில்தான் வந்தது. பிறகு 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி.

"வரியை ஏற்றினால் வியாபாரம் பக்கத்து மாநிலத்துக்கு ஓடிவிடும்" என்றும் சொன்னார்கள். ஓடியது, உண்மை. ஓடவிடாமல் பிடிக்க ஒவ்வொரு மாநிலமும் போட்டி போட்டு வரியைக் குறைத்தது. கடைசியில் எல்லார் கஜானாவும் காய்ந்ததுதான் மிச்சம். அப்புறம் எல்லா மாநிலமும் கூடிப் பேசி, இதற்குக் கீழே யாரும் இறங்கக் கூடாது என்று 2000 ஜனவரி முதல் அடிமட்ட வரி விகிதம் வைத்துக்கொண்டார்கள். ஆக, வரியைக் குறைத்தால் வளர்ச்சி தானாக வரும் என்பதும் கதைக்கு உதவுமே தவிர, கணக்குக்கு உதவாது.

ஆனால் நடுவர் அவர்களே, எங்கள் அணி வெட்கப்பட வேண்டிய ஓர் இடமும் இந்த வரலாற்றில் இருக்கிறது. அதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

கள்ளுக்கடையை மூடத்தான் இந்த வரி என்றார்கள். 1939 அக்டோபர் கடைசியில் ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா செய்தது. யுத்த காலத்தில் கவர்னர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. வரியை நிறுத்தியதா? இல்லை! பிறகு மதுவிலக்கு மீண்டும் வந்து, ஓமந்தூரார் காலத்தில் 1948-ல் மாகாணம் முழுக்கப் பரவியது. 1971-ல் போயிற்று. 1974-ல் வந்தது. 1981-ல் மறுபடி போயிற்று. 2003-லிருந்து சில்லறைக் கடையையும் அரசே நடத்துகிறது. மதுவிலக்கு வந்து வந்து போனது. அதற்குப் பதிலாக வந்த வரி மட்டும் போகவே இல்லை! மருமகளுக்குத் துணையாக வந்த அத்தை, மருமகள் தாய் வீட்டுக்குப் போன பிறகும் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்த மாதிரி! (பலத்த சிரிப்பு)

இதிலேதான் நமக்குப் பாடம் இருக்கிறது. 1939-ல் வரி போட்டவர் காரணத்தைச் சொல்லிப் போட்டார். இன்னாரிடம் எடுக்கிறேன், இன்னாரை விடுகிறேன், இதற்காகச் செலவழிக்கிறேன் என்று ஜனங்கள் முன்னாலே நின்றார். அதனால்தான் எங்க பாட்டியால் கணக்குப் போட முடிந்தது. காரணம் மறந்துபோய் வரி மட்டும் மிஞ்சியபோதுதான், அது சுமையாகத் தெரிய ஆரம்பித்தது. அந்த மறதி யாருடையது? ஆண்டவர்களுடையது மட்டும் இல்லை. கேட்க மறந்த நம்முடையதும்தான்.

சகோதரி, அந்த ரசீதைக் கிழிக்காதீங்க என்று சொன்னேனே, அதுக்காகத்தான். அன்றைக்குக் கள்ளுக்கடையில் காசு கொடுத்தவனிடம் ரசீது இல்லை. அதனால் அவனால் கேள்வி கேட்க முடியவில்லை. உங்களிடம் இருக்கிறது. எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் எங்கே, ஆஸ்பத்திரியில் மருந்து எங்கே, சத்துணவில் முட்டை எங்கே என்று கேட்க அதுதான் உங்கள் சீட்டு.

உரம் என்றால் நாற்றம் இருக்கத்தான் செய்யும். தூக்கிக்கொண்டு போகும்போது தோளும் வலிக்கும். வேரிலே போட்டால் விளைச்சல். இலையிலே கொட்டினால் கருகல். கருகினால் கொட்டியவன் கையைப் பிடித்துக் கேளுங்கள். உரமே வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்புறம் கஜானாவை நிரப்ப மறுபடியும் குடிக்கிறவனைத்தான் தேடிப் போவார்கள்.

ஆகவே நடுவர் அவர்களே, காரணம் சொல்லி, அளவு பார்த்து, கவளமாக எடுத்து, கணக்குக் காட்டிச் செலவழிக்கிற வரி உயர்வு வளர்ச்சிக்கு உரமே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு விடைபெறுகிறேன்.