பிரசவத்துக்குப் பின் தீராத அழுகை: ஈமான் குறைவா, நோயா?

குழந்தை பிறந்து மூன்றாம் நாள். வீடு நிறைய சொந்தக்காரர்கள். உங்களுக்கு மட்டும் காரணமே இல்லாமல் அழுகை அழுகையாக வருகிறது. "அல்லாஹ் எவ்வளவு பெரிய பாக்கியம் தந்திருக்கான், அழலாமா? சபூர் செய்மா" என்கிறார் ஒருவர். அழுகையோடு இப்போது குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது.

பிரசவமானதும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்கள் சட்டென்று இறங்கும். தூக்கமும் கெடும். இதனால் வரும் அழுகை, எரிச்சல் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். 'பேபி ப்ளூஸ்' என்பது இதைத்தான். அதற்கு மேலும் நீடித்தால், குழந்தை மேல் ஒட்டுதலே வராவிட்டால், குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் பிடிக்காவிட்டால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். வளரும் நாடுகளில் பிரசவமான பெண்களில் சுமார் 20 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு, பெரும்பாலும் மனச்சோர்வு, வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

சரி, இது ஈமான் குறைவா? குர்ஆனின் 19-வது அத்தியாயத்தைப் பாருங்கள். பிரசவ வலியில் பேரீச்ச மரத்தடியில் மர்யம் (அலை), இதற்கு முன்பே இறந்து போயிருக்கலாமே என்று கலங்குகிறார். அதற்காக அவருக்குக் கண்டிப்பு வரவில்லை. கவலைப்படாதே என்ற ஆறுதலும், குடிக்க நீரும், சாப்பிடப் பேரீச்சம்பழமும்தான் கிடைக்கின்றன. அழுகிற பெண்ணிடம் முதலில் "சாப்பிட்டியா?" என்று கேட்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா?

குழந்தையை வைத்துத் தாய்க்குத் துன்பம் தரக் கூடாது என்கிறது 2:233 வசனம். தாயின் உணவு, உடை தந்தையின் பொறுப்பு. இருவரும் பேசி முடிவெடுத்தால் இரண்டு வருடத்துக்கு முன்பே பால் மறக்கடிக்கலாம் என்பதும் அதே வசனம்தான். நிஃபாஸ் காலத்தில் தொழுகை இல்லை, அதைக் களா செய்யவும் வேண்டாம். தொழாமல் இருப்பதே வெறுமையாக இருக்கிறது என்பவர்களுக்கு திக்ர், துஆ தடையில்லை. ஆனால் நாற்பது நாள் வாசல் தாண்டக் கூடாது என்பது ஊர் வழக்கம், மார்க்கச் சட்டம் அல்ல. டாக்டரிடம் போக அதைத் தடையாக்காதீர்கள்.

எந்த நோய்க்கும் நிவாரணம் உண்டு என்ற நபிமொழி புகாரியில் இருக்கிறது. ஓதிப் பார்க்கலாம், மாத்திரையும் சாப்பிடலாம். தாய்ப்பால் கொடுக்கும்போது எடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு, டாக்டரிடம் கேளுங்கள்.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. காதில் குரல் கேட்கிறது, குழந்தையை ஏதாவது செய்துவிடத் தோன்றுகிறது, தற்கொலை எண்ணம் வருகிறது என்றால் "ஜின் பிடிச்சிருக்கு" என்று காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அதுவரை தாயையும் குழந்தையையும் தனியாக விடாதீர்கள். தாயும் சேயும் சேர்ந்து தங்கி சிகிச்சை பெற பெங்களூரு நிம்ஹான்ஸில் தனிப் பிரிவே உண்டு. பேச ஆள் வேண்டுமானால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.