வெள்ளிப் பாத்திரத்தை விற்ற வீடு

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் ரொம்ப அழகாகப் பேசினார். "அரசாங்கம் மின்சாரத்தை வித்துட்டா பில் குறையும், மிஞ்சுற காசு உண்டியல்ல விழும், இங்கிலாந்தைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பார்த்தேன் ஐயா! அவர் பாதியிலே விட்டதையும் சேர்த்தே பார்த்தேன். (சிரிப்பு)

பிரிட்டனில் 500க்கும் மேற்பட்ட கம்பெனிகளும் நகராட்சிகளும் ஆளுக்கொரு பக்கம் மின்சாரம் விற்றுக்கொண்டிருந்தன. 1948 ஏப்ரல் 1-ஆம் தேதி அதையெல்லாம் அரசு ஒன்றாக எடுத்துக்கொண்டது. 1958-ல் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மத்திய மின் உற்பத்தி வாரியம் வந்தது. வீட்டுக்கு வீடு மாசாமாசம் கட்டின பணத்திலே வளர்ந்த சொத்துங்க அது.

அந்த வாரியத்துக்குச் சட்டம் போட்டபோது பிரதமராக இருந்தவர் ஹெரால்ட் மேக்மில்லன். விற்பனைப் பேச்சு அடிபட்ட 1985 நவம்பரில் அவருக்கு வயது 91. ஆளுங்கட்சி, அவருடைய சொந்தக் கட்சி! அந்தக் கட்சிக்காரர்கள் கூட்டத்திலேயே எழுந்து சொன்னார்: நொடித்துப்போன குடும்பம் முதலில் வெள்ளிப் பாத்திரத்தை விற்கும், அப்புறம் கூடத்து நாற்காலி போகும், அப்புறம் சுவரில் மாட்டின ஓவியம் போகும். இதுதான் அவர் பேச்சின் சாரம். நம்ம ஊர்ல அண்டா, குண்டான், அப்புறம் தோடுன்னு சொல்வோம். (கைதட்டல்)

எதிரணி நண்பர் துள்ள வேண்டாம். சில நாளிலேயே பிரபுக்கள் சபையில் அவரே விளக்கமும் கொடுத்தார். 'தனியார் நடத்துவதை நான் குறை சொல்லவில்லை; முதலை விற்று வந்த பணத்தை வருமானம் மாதிரி செலவழிக்கிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன்' என்ற பொருளில் பேசினார். தாய்மார்களே, நகையை விற்று நிலம் வாங்கினால் அது வேறே. நகையை விற்று மளிகைக் கடன் அடைத்தால்? அடுத்த மாசமும் மளிகை வாங்கணுமே! அந்த நாட்டு அரசு, விற்று வந்த பணத்தைச் செலவில் கழித்துத்தான் கணக்கெழுதியது.

சட்டம் 1989-ல் வந்தது. 1990 நவம்பரில் தாட்சர் அம்மையார் பதவியை விட்டுப் போனார். டிசம்பரில் 12 விநியோகக் கம்பெனிகளின் பங்குகள் விற்பனைக்கு வந்தன. விளம்பரத்துக்கு யாரைப் பிடித்தார்கள் தெரியுமா? சினிமாவில் மின்சாரம் பாய்ந்து எழுந்து நடக்குமே, ஃபிராங்கன்ஸ்டைன் பூதம், அதை! (பலத்த சிரிப்பு) ஒரு பங்கு 240 பென்ஸ். முதல் தவணை 100 பென்ஸ். ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். விலை ஏறியது, பலர் விற்று லாபம் பார்த்தார்கள். இல்லைன்னு சொல்லலைங்க.

ஆனா கையில சேமிப்பு இருந்தவன்தானே வாங்கினான்? நேற்று வரைக்கும் அந்த மின் நிலையத்தில் கூலிக்காரனுக்கும் ஒரு பங்கு, கோடீஸ்வரனுக்கும் ஒரு பங்கு. சேமிப்பு இல்லாதவனுக்கு மறுநாள் மிஞ்சியது பில் மட்டும்தான். சேமிப்பு இருந்தவனோ, தன் வீட்டுப் பசுவைத் தானே காசு கொடுத்து வாங்கினான்.

சரி, பில் குறைந்ததா? குறைந்தது. தொண்ணூறுகளில், விலைவாசியோடு ஒப்பிட்டால், மின் கட்டணம் இறங்கியது உண்மை. கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர்கள் நியூபெரியும் பொலிட்டும் 1997-ல் இதை ஆராய்ந்தார்கள். உற்பத்திச் செலவு சுமார் 5 சதவீதம் நிரந்தரமாகக் குறைந்தது; அந்த லாபம் பெரும்பாலும் பங்குதாரர் மடிக்குப் போனது என்று எழுதினார்கள். அதே 1997-ல் புதிய அரசு, மலிவாக விற்றுவிட்டோம் என்று சொல்லி, விற்கப்பட்ட பொதுச் சேவைக் கம்பெனிகள் மேல் ஒரு தனி வரி போட்டு 520 கோடி பவுண்டு வசூலித்தது. இன்னொன்று: 1992 அக்டோபரில் 31 நிலக்கரிச் சுரங்கங்களை மூடப்போவதாக அறிவிப்பு. மின் நிலையங்கள் எரிவாயு பக்கம் திரும்பின. பில்லில் சில பவுண்டு மிச்சம், சம்பளமே போச்சு என்றால் அந்த வீட்டம்மா எதை உண்டியலில் போடுவாள்?

அணு உலைகளை யாரும் தொட மாட்டேன் என்றார்கள். 1989-லேயே அதை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்காகப் பில்லோடு சுமார் 10 சதவீதம் ஒரு வரி! லாபம் வாங்குபவனுக்கு, சுமை வீட்டுக்காரனுக்கு.

இப்போ வேடிக்கையைக் கேளுங்க. அரசாங்கத்துக்கு வியாபாரம் தெரியாது என்றுதானே விற்றார்கள்? லண்டன் நகரத்துக்கு மின்சாரம் கொடுத்த கம்பெனியை 1998-ல் வாங்கியது யார்? இ.டி.எஃப். அது பிரெஞ்சு அரசாங்கத்தின் கம்பெனி! (கைதட்டல்) சொந்த அரசாங்கம் கூடாது, பக்கத்து அரசாங்கம் கூடும்.

2022-ல் எரிவாயு விலை எகிறியபோது, சராசரிக் குடும்பத்தின் மின்சார, எரிவாயு பில் ஆண்டுக்கு 3,549 பவுண்டு என்று உச்சவரம்பு அறிவிப்பு வந்தது. முந்தைய குளிர்காலத்தில் அது 1,277. ஜனங்கள் தாங்க மாட்டார்கள் என்று அரசே கைக்காசு போட்டு 2,500-ல் நிறுத்தியது. வரிப்பணம்தானே ஐயா அது? இடது பையிலிருந்து எடுத்து வலது பையில்.

மணி அடிச்சுட்டீங்க நடுவர் அவர்களே, ஒரே ஒரு விஷயம். எந்த நிலையம் எப்போது ஓட வேண்டும், நாடு முழுக்க மின்சாரம் எப்படிப் பாய வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் இயக்கப் பிரிவும் அந்த விற்பனையோடு போனது. 2024 அக்டோபரில் அதே பிரிட்டிஷ் அரசு, அந்தப் பிரிவை மட்டும் 63 கோடி பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. எதிரணி நண்பர் இங்கிலாந்தைப் பார்க்கச் சொன்னாரே, அதையும் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.