நிழலும் புனலும்

மழை ஓய்ந்த மாலையில் பாயான் பாருவின் அடுக்குமாடி வீடுகளைச் சுற்றி நடந்தால், கால்வாய் ஓரத்தில் நத்தைகள் ஊர்வதைக் காணலாம். பல்லிக்கும் எலிக்கும் காத்திருக்கும் பூனைகளுக்கும் அங்கே குறைவில்லை. அவற்றில் ஒன்று கழுத்தை நீட்டி இருமினால், முடியை விழுங்கியிருக்கும் என்று நாம் விட்டுவிடுகிறோம். நுரையீரல் புழுவாகவும் இருக்கலாம் என்று எண்ணுவதில்லை.

பிரான்சு நாட்டு அறிஞர் ரையே 1898இல் இப்புழுவை விவரித்தார். ஏலுரோஸ்ட்ராங்கிலஸ் ஆப்ஸ்ட்ரூசஸ் என்பது அதன் பெயர். பின்சொல்லுக்கு லத்தீனில் 'மறைந்திருப்பது' என்று பொருள். பொருத்தமான பெயர்தான். நத்தைக்குள் வளரும் இளம்புழு, நத்தையைத் தின்ற எலி, பல்லி, பறவை வழியாகப் பூனையின் வயிற்றை அடைந்து, நுரையீரலின் நுண்குழாய்களில் குடியேறிவிடுகிறது.

உடலுக்குள் மறைந்திருப்பதைக் காண மனிதனுக்கு வழி கிடைத்தது 1895 நவம்பரில். ஜெர்மனியில் ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். பூனையின் மார்பையும் படமெடுக்கலாம் என்றாயிற்று. 1979இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சோதனைக்காகத் தொற்று ஏற்றிய பூனைகளின் எக்ஸ்ரே படங்களை அவற்றின் நுரையீரலோடு ஒப்பிட்டது. 2013இல் ஆறு பூனைகளை சி.டி. ஸ்கேன் செய்து ஆராய்ந்த முடிவுகளும் வந்தன. மூச்சுக்குழாய்ச் சுவர் தடித்திருப்பதும், முட்டைகள் திரண்ட இடங்கள் சிறு முடிச்சுகளாக நிற்பதும் படத்தில் தெரிந்தன.

ஆனால் படம் காட்டுவது நிழலைத்தான். ஆஸ்துமாவிலும் மூச்சுக்குழாய் தடிக்கும். புற்றுநோயும் முடிச்சுகளாகத் தெரியும். ஆஸ்துமா என்று எண்ணி ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால், இருமல் சற்றுத் தணியும். புழுவோ உள்ளேயே இருக்கும். இப்புழு இருப்பது தெரியாமல் அறுவைக்காக மயக்கமருந்து கொடுக்கப்பட்டு, பூனைகள் இறந்த செய்திகளும் மருத்துவ ஏடுகளில் உண்டு.

நிழலுக்குரியவனை அடையாளங்காட்டும் கருவி எங்கிருந்து வந்தது தெரியுமா? பினாங்கிலிருந்து நீரிணையைக் கடந்தால் அக்கரையில் சுமத்திராவின் டெலி வட்டாரம். ஜாவானியரும் சீனரும் நம் தமிழரும் உழைத்த தோட்டங்கள் அங்கே. வெறுங்காலுடன் மண்ணில் நடந்தவர்களைக் கொக்கிப்புழு வாட்டி, இரத்தத்தை வற்றச் செய்தது. அங்குத் தோட்ட மருத்துவமனையில் பணியாற்றிய பேர்மன் என்ற மருத்துவர், மண்ணில் அப்புழுவின் குஞ்சுகளைத் தேட எளிய முறையொன்றை 1917இல் வெளியிட்டார்.

ஒரு கண்ணாடிப் புனல், அதன் காம்பில் ரப்பர் குழாய், குழாயை அடைக்க ஓர் இடுக்கி. வேறொன்றும் வேண்டாம். புனலில் வெதுவெதுப்பான நீரை ஊற்றி, மெல்லிய துணியில் முடிந்த மண்ணை நீர் தொடும்படி வைக்க வேண்டும். ஈரமும் வெப்பமும் கண்ட இளம்புழுக்கள் நெளிந்து வெளியே வரும். அவற்றுக்கு எதிர்நீச்சல் தெரியாது. அடியில் போய்த் தங்கும். மறுநாள் இடுக்கியைத் தளர்த்திச் சில துளிகளை நுண்ணோக்கியில் பார்த்தால் போதும்.

பூனை மருத்துவர்கள் மண்ணுக்குப் பதிலாகப் பூனையின் மலத்தை வைத்தார்கள். ஏனெனில் நுரையீரலில் பொரித்த குஞ்சுகள் இருமலோடு தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, மலத்தில்தான் வெளியேறுகின்றன.

புனலுக்கும் குறையுண்டு. தொற்றிய ஐந்தாறு வாரங்களுக்கு மலத்தில் குஞ்சே இராது. பிறகும் நாள்தோறும் வெளிப்படுவதில்லை. ஆகவே ஒருநாள் காணாவிட்டால் புழு இல்லை என்று முடிவுகட்டாமல், மூன்று நாள் மலத்தைப் புதிதாகச் சேகரித்துப் பார்ப்பார்கள். எக்ஸ்ரே படத்தில் நிழல் விழுந்திருந்தால் இத்தேடலைக் கைவிடவே கூடாது. தேடப்படும் குஞ்சின் நீளம் அரை மில்லிமீட்டரும் இல்லை. வால் நுனி மட்டும் வளைந்து நெளிந்திருக்கும். அந்த வாலைக் கண்டால் ஆஸ்துமா மருந்தை ஒதுக்கிவிட்டுப் புழு மருந்தைத் தொடங்கலாம்.